ஊரை மாத்துறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிய மாத்து

கேள்வி: வணக்கம் சிஸ்டர். எனக்கு 24 வயசு, வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமம். 2022-ல ஜிஎன்எம்ங்கிற மூணு வருஷ நர்சிங் டிப்ளமோ முடிச்சு, நர்சிங் கவுன்சில்ல ரிஜிஸ்டர் பண்ணிட்டு, மூணு வருஷமா திண்டுக்கல்ல 40 பெட் இருக்கிற ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில வேலை பாக்குறேன். சம்பளம் 9,500. பன்னெண்டு மணி நேர டூட்டி, நைட்ல ரெண்டு மாடிக்கும் நான் ஒருத்திதான், கூட ஒரு ஆயாம்மா. சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் வாங்கி வெச்சுக்கிட்டாங்க, கேட்டா பாண்ட் முடியட்டும்ங்கிறாங்க. ஒரு ஏஜென்ட் சவுதிக்கு அனுப்புறேன், ரெண்டரை லட்சம் ஆகும்ங்கிறார். அப்பா நெலத்தை அடமானம் வெக்கலாமான்னு யோசிக்கிறார். சின்ன ஊர்ல நர்சிங்குக்கு எதிர்காலமே இல்லையா? பேசாம ஜவுளிக்கடை வேலைக்குப் போயிடலாமான்னு கூட தோணுது. தங்கச்சி இப்ப பிளஸ் டூ, அவளும் நர்சிங் படிக்கணும்ங்கிறா. என்ன சொல்றது அவளுக்கு?

பதில்:

கண்ணு, உன் லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நெலத்தை அடமானம் வெக்க வேண்டாம்னு அப்பாகிட்ட இன்னைக்கே போன் போட்டு சொல்லிடு, மத்ததை அப்புறம் பேசுவோம்.

நானும் திண்டுக்கல்லதான் நர்ஸா ஆரம்பிச்சேன். 1992, ஒரு நர்சிங் ஹோம், மாசம் 600 ரூபாய். அங்கயும் சேர்ந்த அன்னைக்கே ஒரிஜினலை வாங்கி மேனேஜர் ரூம்ல இருந்த பச்சைக்கலர் பீரோவுல வெச்சு பூட்டிட்டாங்க. அப்பல்லாம் கவர்ன்மென்ட் வேலைன்னா எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் சீனியாரிட்டிதான், பரீட்சை கிடையாது, வரச்சொல்லி கார்டு வரும், குறிச்ச தேதிக்கு ஒரிஜினலோட போய் நிக்கணும். எனக்கு முதல் கார்டு வந்தப்போ மேனேஜர் ஊர்ல இல்லைன்னு மூணு நாள் அலைய விட்டாங்க, தேதி போயிடுச்சு. அடுத்த கார்டு வர ஒன்றரை வருஷம் ஆச்சு. அந்த பீரோவோட கைப்பிடி எப்படி இருக்கும்னு இன்னைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு. அதனாலதான் உன் லெட்டர்ல சம்பளத்தை விட அந்த சர்டிபிகேட் விஷயம்தான் என்னை ரொம்ப பதற வெச்சது.

நீ கேட்ட கேள்விக்கு வரேன். சின்ன ஊர்ல நர்சிங்குக்கு எதிர்காலம் இல்லைங்கிறத நான் ஒத்துக்க மாட்டேன். நீ மாட்டிக்கிட்டு இருக்கிறதுக்கு திண்டுக்கல் காரணம் இல்லம்மா, அந்த 40 பெட் ஆஸ்பத்திரிதான் காரணம். ஊரை மாத்துறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிய மாத்தணும். ஏன்னு கேளு.

எய்ம்ஸ் ஆஸ்பத்திரிங்களுக்கெல்லாம் சேர்த்து நார்செட்னு ஒரு பரீட்சை நடக்குது, பொதுவா வருஷத்துக்கு ரெண்டு தடவை வரும், நர்சிங் ஆபீசர் போஸ்ட், சென்ட்ரல் கவர்ன்மென்ட் சம்பள வரிசைல லெவல் 7, அடிப்படைச் சம்பளமே 44,900, அது மேல அகவிலைப்படி எல்லாம் தனி. பிஎஸ்சி நர்சிங் முடிச்சவங்க அனுபவம் இல்லாமயே எழுதலாம். ஆனா ஜிஎன்எம் முடிச்சவங்களுக்கு ரெண்டு வருஷ அனுபவம் வேணும், அதுவும் குறைஞ்சது 50 பெட் இருக்கிற ஆஸ்பத்திரில. நீ மூணு வருஷம் ராத்திரி பகலா ஓடியிருக்கே, உன் ஆஸ்பத்திரி 40 பெட், அதனால அந்தப் பரீட்சைக்கு உன் மூணு வருஷமும் கணக்குல வராது. இதே மூணு வருஷத்தை இன்னும் பத்து பெட் அதிகமா இருக்கிற இடத்துல பாத்திருந்தா இந்நேரம் ரெண்டு மூணு தடவை எழுதியிருப்பே. உன்னை நோகடிக்க இதைச் சொல்லல, இனி ஒரு நாள் கூட வீணாகக் கூடாதுன்னுதான் சொல்றேன். பொதுப் பிரிவுக்கு வயசு 30 வரைக்கும், ஓபிசின்னா 3 வருஷம், எஸ்சி எஸ்டின்னா 5 வருஷம் சலுகை. உனக்கு 24 தான், டைம் தாராளமா இருக்கு.

இங்க நிறைய பிள்ளைங்க கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு. நம்ம ஊர்ல வாங்குற பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேலைக்கு அப்படியே செல்லாது, ஓபிசி நான் கிரீமி லேயர்னு தனியா ஒரு சர்டிபிகேட் வேணும், இ-சேவைல அப்ளை பண்ணி வாங்கணும். பாஸ் பண்ணிட்டு சர்டிபிகேட் தேதி சரியில்லைன்னு திரும்பி வந்த பொண்ணுங்களை நான் பாத்திருக்கேன். நீ அந்தப் பிரிவுன்னா இப்பவே போட்டு வெச்சுக்கோ.

ரயில்வேலயும் இதே லெவல் 7 தான், நர்சிங் சூப்பரிண்டெண்ட்னு பேர், ஜிஎன்எம்மும் எழுதலாம், ஆனா ஆள் எடுக்கிறது எப்பவாவதுதான். பாண்டிச்சேரி ஜிப்மர், இஎஸ்ஐ ஆஸ்பத்திரிங்கன்னு இன்னும் இருக்கு. எல்லாத்துக்கும் படிக்க வேண்டியது கிட்டத்தட்ட ஒரே பாடம்தான்.

கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிற நம்ம ஸ்டேட் மெடிக்கல் ரெக்ரூட்மெண்ட் போர்டு, அதான் எம்ஆர்பி, அதைப் பத்தியும் உண்மையைச் சொல்லணும், ஏன்னா வீட்ல எல்லாரும் கவர்ன்மென்ட் வேலைன்னா மறுநாளே ராணி மாதிரி வாழலாம்னு நினைக்கிறாங்க. 2012-ல எம்ஆர்பி வந்துச்சு, 2015-ல 7,243 நர்ஸ் போஸ்ட்டுக்கு பரீட்சை வெச்சு எடுத்தாங்க, தொகுப்பூதியம் மாசம் 7,700. ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு நம்பி கைக்குழந்தையோட வந்து சேர்ந்தவங்க இருக்காங்க. 2017 நவம்பர்ல சென்னை டிஎம்எஸ் வளாகத்துல ஆயிரக்கணக்குல உக்காந்து போராடினாங்க, அதுக்கப்புறம்தான் 14,000 ஆச்சு, பின்னாடி 18,000. சீனியாரிட்டிப்படி கொஞ்சம் கொஞ்சமா நிரந்தரம் ஆகுறாங்க, ஆனா வருஷக்கணக்குல காத்திருக்கணும். அதுக்காக எழுதாதேன்னு சொல்லல, கட்டாயம் எழுது. தமிழ் தகுதித் தேர்வும் உண்டு, அதை லேசா எடுத்துக்காதே. ஆனா எம்ஆர்பி ஒண்ணை மட்டும் நம்பி உக்காராதே.

இப்ப திண்டுக்கல்லயே என்ன இருக்குன்னு பாரு. 2022 ஜனவரி 12-ம் தேதி ஒரே நாள்ல தமிழ்நாட்டுல 11 கவர்ன்மென்ட் மெடிக்கல் காலேஜ் திறந்தாங்களே, அதுல திண்டுக்கல்லும் ஒண்ணு. நாமக்கல், விருதுநகர், ராமநாதபுரம், அரியலூர்னு அத்தனையும் உன்னை மாதிரி சின்ன ஊர்க்காரங்க ஊர்தான். மெடிக்கல் காலேஜ் வந்தா பெட் கூடும், ஐசியூ கூடும், பச்சிளங்குழந்தை வார்டு கூடும், அதுக்கெல்லாம் நர்ஸ் இல்லாம எப்படி. இது போக மாவட்ட நலவாழ்வு சங்கம் மூலமா கான்ட்ராக்ட்ல எடுக்கிறாங்க, துணை சுகாதார நிலையத்துல இடைநிலை சுகாதாரப் பணியாளர்னு ஒரு போஸ்ட், எம்எல்எச்பிம்பாங்க, 18,000 சம்பளம். அறிவிப்பு மாவட்ட வெப்சைட்ல வரும், பெரிய விளம்பரமெல்லாம் இருக்காது, டைமும் ரெண்டு வாரம் கொடுத்தா அதிகம். வாரம் ஒரு தடவை, திங்கக்கிழமை காலைலன்னு வெச்சுக்கோயேன், அந்த சைட்டை திறந்து பாக்குறத பழக்கமாக்கு. மக்களைத் தேடி மருத்துவம், 108 ஆம்புலன்ஸ்ல அவசர சிகிச்சை குடுக்கிற ஈஎம்டி வேலைன்னு ஜிஎன்எம்முக்கு வேற வழிகளும் இருக்கு, ஆனா உன் வயசுக்கு நான் வார்டைத்தான் சொல்வேன்.

பிரைவேட்லயும் நிலைமை ஒரே மாதிரி இல்ல. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல இருக்கிற ஆஸ்பத்திரிங்க, என்ஏபிஎச்ங்கிற தர அங்கீகாரத்துக்குப் போற ஆஸ்பத்திரிங்க எல்லாம் ரிஜிஸ்டர் ஆன நர்ஸை பேப்பர்ல காட்டியாகணும், இன்ஸ்பெக்‌ஷன்ல நர்ஸோட ரிஜிஸ்ட்ரேஷன், ட்ரெயினிங் ரெக்கார்டு எல்லாம் கேப்பாங்க. அவங்களுக்கு உன் ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் தேவை. ஒரு வருஷ கோர்ஸ் முடிச்ச பொண்ணுக்கு வெள்ளை கோட்டு போட்டு நிறுத்தினா அங்க செல்லாது. அது உன் பேரம் பேசுற பலம், ஆனா பாதிப் பிள்ளைங்களுக்கு அந்தப் பலம் தன்கிட்ட இருக்குன்னே தெரியல.

நம்ம மாவட்டத்துலயே ஒட்டன்சத்திரத்துல கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் ஆஸ்பத்திரி 1955-ல இருந்து இருக்கு, சின்னாளபட்டி பக்கம் காந்திகிராமம் கஸ்தூரிபா ஆஸ்பத்திரி இருக்கு, பிரசவத்துக்குப் பேர் போன இடம். இந்த மாதிரி இடங்கள்ல நர்ஸை நர்ஸா நடத்துற பழக்கம் ரொம்ப நாளா உண்டு. போய் விசாரி, வேகன்சி இருக்கான்னு கேளு. கேக்குறதுல என்ன வெக்கம்.

இன்டர்வியூவுக்குப் போனா சம்பளத்தை மட்டும் கேட்டுட்டு வராதே. எத்தனை பெட், நைட்ல வார்டுக்கு எத்தனை நர்ஸ், அப்பாயின்ட்மெண்ட் ஆர்டர் எழுத்துல தருவீங்களா, பிஎஃப் இஎஸ்ஐ பிடிக்கிறீங்களா, எந்த வார்டுல போடுவீங்க, இதெல்லாம் நேராவே கேளு. பொது ஆஸ்பத்திரி வார்டுல ஒரு நர்ஸுக்கு 5 நோயாளிங்கிறது நர்சிங் கவுன்சில் கணக்கு. நடைமுறைல எங்கயும் அப்படி இல்லைன்னு எனக்கும் தெரியும், ஆனா ரெண்டு மாடிக்கு ஒருத்திங்கிறது எந்தக் கணக்குலயும் வராது, அது நோயாளிக்கும் ஆபத்து உனக்கும் ஆபத்து. நைட்ல ஒருத்தருக்கு ஏதாவது ஆனா முதல்ல உன் பேர்தான் எழுதுவாங்க. பிஎஃப் ஏன் முக்கியம்னா, நாளைக்கு எந்த ஆஸ்பத்திரியாவது எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் தரமாட்டேன்னா, மாசாமாசம் உன் பேர்ல பிஎஃப் கட்டின பாஸ்புக் இருக்கும், நீ அங்க வேலை பாத்ததுக்கு அதுவே சாட்சி. இருபது பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடம்னா பிஎஃப் கட்டாயம், இஎஸ்ஐக்கு பத்து பேர் போதும். இஎஸ்ஐ இருந்தா கல்யாணம் ஆகி குழந்தை பெத்தாலும் 26 வாரம் சம்பளத்தோட லீவு, அப்பா அம்மா வைத்தியத்துக்கும் ஆகும்.

வார்டு எதுன்னு சொன்னேன்ல, அதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லணும். ஓபில டாக்டர் பக்கத்துல நின்னு சீட்டு குடுத்துட்டு மூணு வருஷம் ஓட்டினா அது அனுபவம் இல்ல. லேபர் வார்டு, ஐசியூ, குழந்தைங்க ஐசியூ, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், இதுல ஒண்ணை உன்னுதுன்னு ஆக்கிக்கோ. எனக்கு அது லேபர் வார்டு. கவர்ன்மென்ட்ல சேர்ந்து ரெண்டாவது மாசம், நைட் டூட்டி, மூணாவது பிரசவம் ஆன ஒரு அம்மா, குழந்தை நல்லா அழுதுச்சு, நஞ்சுக்கொடியும் முழுசா வந்துடுச்சு, எல்லாரும் நிம்மதியா இருந்தோம். எங்க இன்சார்ஜ் சிஸ்டர் மட்டும் போற போக்குல அந்தம்மா வயித்துல கைய வெச்சாங்க. பிரசவம் ஆனதும் தொப்புள்கிட்ட கர்ப்பப்பை தேங்காய் மாதிரி கெட்டியா கைக்குத் தட்டுப்படணும். என் கையைப் பிடிச்சு அங்க வெச்சாங்க, பிசைஞ்ச மாவு மாதிரி கொழகொழன்னு இருந்துச்சு. துணியத் தூக்கிப் பாத்தா அடில ரத்தம் தேங்கி நிக்குது, அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லல, லேசா கொட்டாவி விட்டுட்டு படுத்திருக்காங்க. சிஸ்டர் ஒரு கையால கர்ப்பப்பையை தேய்ச்சுக்கிட்டே, ரெண்டாவது டிரிப் லைன் போடு, ஆக்சிடோசின் ஊசி எடு, யூரின் டியூப் போடு, டாக்டரைக் கூப்பிடுன்னு சத்தமே கூட்டாம சொல்லிக்கிட்டே இருந்தாங்க. டாக்டர் மாடில இருந்து இறங்கி வர்றதுக்குள்ள என் கைக்கு அடில அது மெல்ல மெல்ல இறுகுறது தெரிஞ்சுது. 31 வருஷ சர்வீஸ்ல நான் கத்துக்கிட்டதுல பாதி அந்த ஒரு ராத்திரிதான். அந்த மாதிரி ஒரு சீனியர் இருக்கிற வார்டைத் தேடிப் போம்மா. ஆயிரம் ரூபா கம்மியா குடுத்தா கூட, கத்துக்குடுக்க ஆள் இருக்கிற இடம்னா யோசிக்காம சேரு.

சம்பளம் கம்மின்னு நீ அழறது நியாயம், அதை உன் தலைவிதின்னு நான் சொல்ல மாட்டேன். 2016 ஜனவரில சுப்ரீம் கோர்ட் பிரைவேட் நர்ஸ் சம்பளத்தைப் பாக்க ஒரு கமிட்டி போடச் சொன்னுச்சு, கமிட்டி 50 பெட்டுக்குக் கீழ இருக்கிற ஆஸ்பத்திரில கூட குறைஞ்சது 20,000 குடுக்கணும்னு சிபாரிசு பண்ணுச்சு, 200 பெட்டுக்கு மேலன்னா கவர்ன்மென்ட் நர்ஸுக்கு சமமா குடுக்கணும்னுச்சு. கேரளால நர்ஸுங்க சேர்ந்து நின்னு போராடினாங்க, 2018 ஏப்ரல்ல 20,000 குறைந்தபட்ச சம்பளம்னு அரசாணையே வந்துச்சு. உன் 9,500-ஐ அந்த 20,000 பக்கத்துல வெச்சுப் பாரு. நம்ம பக்கம் நாம இன்னும் சேர்ந்து நிக்கல, அது எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான்.

சர்டிபிகேட் விஷயத்துக்கு வரேன். உன் ஒரிஜினல் உன் சொத்து, வேலை குடுக்கிறவங்க பூட்டி வெக்க எந்தச் சட்டமும் அதிகாரம் தரல, பாண்ட்ல என்ன எழுதி வாங்கியிருந்தாலும் சரி. சண்டை போடாதே, அழாதே, லெட்டர் எழுது. இன்ன தேதில இன்னின்ன சர்டிபிகேட் ஒப்படைச்சேன், மேற்படிப்புக்கும் பரீட்சைக்கும் தேவைப்படுது, 15 நாளைக்குள்ள திருப்பித் தரவும்னு நாலு வரி போதும். ரெண்டு காப்பி, ஒண்ணுல ஆபீஸ் சீல் வெச்சு கையெழுத்து வாங்கிக்கோ. வாங்க மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல, டெலிவரி ஆனதுக்கு அத்தாட்சி கேட்டு அனுப்பு, அந்த அத்தாட்சியை பத்திரமா வை. அதுக்கும் மசியலன்னா நேரா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ, கோர்ட் வளாகத்துலயே இருக்கும். பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவசமா வக்கீல் குடுக்கிறது சட்டம். அங்கேர்ந்து ஒரு நோட்டீஸ் போச்சுன்னாலே பெரும்பாலும் கவரோட கூப்பிட்டுக் குடுத்துடுவாங்க. ஒரிஜினல் கைக்கு வந்தப்புறம் முறையா நோட்டீஸ் குடுத்து, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் ரிலீவிங் ஆர்டரும் வாங்கிட்டு வெளிய வா. கோவத்துல பாதில நின்னுடாதே.

சவுதி போறது தப்பில்ல, நல்லா சம்பாதிச்சு வீடு கட்டி தம்பி தங்கச்சியைக் கரையேத்தின நர்ஸுங்க என் பேட்ச்லயே இருக்காங்க. ஆனா இந்த ஏஜென்ட் வேண்டாம். ஏஜென்ட் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜே 30,000, அது மேல ஜிஎஸ்டி, அவ்வளவுதான் அரசு விதி. ரெண்டரை லட்சம் கேக்குறார்னா அங்கயே தப்பு தெரிஞ்சுபோச்சு. சவுதி, குவைத், ஓமன், கத்தார் மாதிரி 18 நாட்டுக்கு நர்ஸா போறதுக்கு 2015-ல இருந்து இமைக்ரேட்ங்கிற சென்ட்ரல் கவர்ன்மென்ட் வெப்சைட் வழியா கிளியரன்ஸ் வாங்கியாகணும், விசிட் விசால போயிட்டு அங்க மாத்திக்கலாம்னு யாராவது சொன்னா அந்த நிமிஷமே எந்திரிச்சு வந்துடு. தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்னு 1978-ல இருந்து நடத்துது, சென்னைல இருக்கு, நர்ஸுக்கு அடிக்கடி அறிவிப்பு வரும், அதுல பதிஞ்சு வை. அங்கயும் கேக்கப்போறது ரெண்டு வருஷம் நல்ல வார்டு அனுபவம், லைசென்ஸுக்கான ப்ரோமெட்ரிக் பரீட்சை, டேட்டாஃப்ளோ வெரிஃபிகேஷன். டேட்டாஃப்ளோன்னா நீ வேலை பாத்த ஆஸ்பத்திரிக்கே எழுதிக் கேட்டு சரி பாப்பாங்க, அங்க யாராவது ஒழுங்கா பதில் போடணும். பாத்தியா, திரும்பவும் நல்ல ஆஸ்பத்திரிலதான் வந்து நிக்குது. இங்கிலாந்துன்னா ஓஇடி இல்லைன்னா ஐஇஎல்டிஎஸ்னு ஒரு இங்கிலீஷ் பரீட்சை, ஜெர்மனின்னா ஜெர்மன் மொழி பி2 வரைக்கும் படிக்கணும், அதுக்கு ஒரு வருஷத்துக்கு மேலயே ஆகும். இப்போதைக்கு அதைத் தள்ளி வை.

ஜிஎன்எம் முடிச்சவங்க படிக்கிற போஸ்ட் பேசிக் பிஎஸ்சி ரெண்டு வருஷம், உனக்கு அது நல்ல வழிதான், முடிச்சா நார்செட்டுக்கு அனுபவமே கேக்க மாட்டாங்க. ஆனா ரெண்டு வருஷம் சம்பளம் இல்லாம ஃபீஸும் கட்டணும், உன் வீட்டு நிலைமைக்கு முதல்ல 50 பெட்டுக்கு மேல ஒரு இடத்துல ரெண்டு வருஷம் பாத்துக்கிட்டே படிச்சு எழுதுறதுதான் சரின்னு எனக்குப் படுது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், நைட் முடிஞ்சு வந்து தூங்கி எந்திரிச்சதும். பழைய கொஸ்டின் பேப்பர்ல இருந்து ஆரம்பி.

ஜவுளிக்கடை வேலையை மட்டமா சொல்ல மாட்டேன், அங்கயும் நாள் பூரா நின்னுதான் சம்பாதிக்கிறாங்க. ஆனா நீ மூணு வருஷம் படிச்சு, முதல் ஊசி போடும்போது கை நடுங்கி, அதையெல்லாம் தாண்டி வந்தவ. ஒரு மோசமான இடத்துக்காக அத்தனையும் விட்டுடாதே.

தங்கச்சிக்கு சொல்ல வேண்டியது சுருக்கம்தான். பயாலஜி குரூப்னா பிஎஸ்சி நர்சிங் கவுன்சிலிங்குக்கு போடச் சொல்லு, கிடைச்சா அதுதான் முதல் சாய்ஸ், நாலு வருஷம். மார்க் பத்தலைன்னா கவர்ன்மென்ட் நர்சிங் ஸ்கூல்ல ஜிஎன்எம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் போர்டு மாட்டி வெச்சிருக்காங்களே, ஒரு வருஷ நர்சிங் டிப்ளமோ, உடனடி வேலைன்னு, அதுல மட்டும் சேத்துடாதீங்க. அதை முடிச்சா கவுன்சில்ல ரிஜிஸ்டர் பண்ண முடியாது, ரிஜிஸ்டர் இல்லைன்னா வாழ்நாள் பூரா அசிஸ்டெண்ட்தான், எந்தப் பரீட்சையும் எழுத முடியாது. பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்தக் காலேஜ் பேர் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் லிஸ்ட்ல இருக்கான்னு நீயே பாரு. ஆறாவதுல இருந்து கவர்ன்மென்ட் ஸ்கூல்ல படிச்சவன்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 வரும், காலேஜ்ல சேர்ந்ததும் அப்ளை பண்ண வெச்சிடு.

ஒரு விஷயம் நீ லெட்டர்ல எழுதல. உன் ரிஜிஸ்ட்ரேஷன் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், 2022-ல பண்ணினேன்னா 2027-ல வரும், அதுக்கு ட்ரெயினிங், செமினார்னு போய் மணி நேரம் சேத்திருக்கணும். இதுவரைக்கும் எத்தனை சர்டிபிகேட் கைல இருக்கு? அந்த லெட்டரைக் குடுத்து சீல் வாங்கினதும் எனக்கு எழுது, அதுல இதையும் சேத்து எழுது, எங்க எப்ப ட்ரெயினிங் நடக்குதுன்னு விசாரிச்சு சொல்றேன்.